தூளியில் கிடக்கும் நம் குழந்தைகள்
(மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கூலி உயர்வு, பஞ்சப்படி பற்றிப் பேசத்தான் கூட்டம் என்று நினைத்துச் சிலர் வந்திருப்பீர்கள். இன்று பேசப்போவது கைக்குழந்தைகளைப் பற்றி. ஆண் தோழர்கள் பீடி பற்றவைக்க வெளியே கிளம்புவது தெரிகிறது, தயவுசெய்து உட்காருங்கள். குழந்தை உங்களுடையதுந்தானே!

பம்பாய்ப் பஞ்சாலைகளில் ஒரு காலத்தில் தாய்மார் ஷிப்டுக்குப் போகுமுன் குழந்தைக்கு அபின் கொடுத்துத் தூங்க வைத்தார்கள். 1931-ல் வெளிவந்த ராயல் லேபர் கமிஷன் அறிக்கையிலேயே இது பதிவாகியிருக்கிறது. குற்றவாளி யார்? தாயா? பால் கொடுக்கக்கூட இடமும் நேரமும் தராத ஆலையா?

1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காற்றும் வெளிச்சமும் உள்ள காப்பகம் வேண்டும் என்றது. 1976-ல் அந்த 50 என்பது 30 ஆயிற்று. 2017-ல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தியபோது, ஆண் பெண் சேர்த்து 50 பேர் இருந்தாலே காப்பகம் வேண்டும், தாய் நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்க்கலாம் என்று எழுதினார்கள். 2020-ல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது.

காகிதத்தில் இருக்கிறது. ஒரு மில்லின் காப்பகத்தை நாங்கள் போய்ப் பார்த்தோம். கதவில் பெயர்ப்பலகை, கதவைத் திறந்தால் பஞ்சு மூட்டை! மூலையில் ஒரு தொட்டில் கம்பி துருப்பிடித்துக் கிடந்தது. அதிகாரி சோதனைக்கு வரும் அன்று மூட்டைகள் வெளியே போகுமாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அறையைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது. காப்பகம் ஆட்டுப்பட்டி அல்ல. ஆறு மாதம்வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே, தண்ணீர்கூட வேண்டாம். ஆகவே தாய் வந்து பால் கொடுக்க இடமும் நேரமும் வேண்டும். அதற்குப்பின் பாலோடு, குழைந்த சோறு, பருப்பு, முட்டை, கீரை. சின்ன வயிறு, ஆகையால் கொஞ்சம் கொஞ்சமாய்ப் பல தடவை. ஊட்டுகிற கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தவழச் சுத்தமான தரை வேண்டும். எல்லாவற்றையும்விட, குழந்தை "ங்கா" என்றால் முகம் பார்த்துப் பதில் பேச ஓர் ஆள் வேண்டும். மூளை வேகமாய் வளர்வது முதல் சில வருஷங்களில்தான். பேச்சும் சிரிப்பும் விளையாட்டும் அதற்கு உணவு. முப்பது குழந்தைக்கு ஒரே ஆயா என்றால் அவள் யாரைத் தூக்குவாள், யாரோடு பேசுவாள்? அவளுடைய கூலியும் நம் கோரிக்கைதான்.

வயல் வேலைக்குப் போகும் தாய்மார் நிலை இன்னும் மோசம். தொழிற்சாலைச் சட்டம் வரப்புக்கு வரவில்லை. விடியுமுன் நாற்றுப் பறிக்கப் போக வேண்டும். பால்வாடி திறப்பதோ பொழுது ஏறிய பிறகு. அங்கேயும் கைக்குழந்தையை விட்டுப்போகப் பெரும்பாலும் வழியில்லை. மரத்தில் தூளி, பக்கத்தில் வாய்க்கால். காவலுக்கு எட்டு வயது அக்காள். அவள் படிப்பு அத்தோடு போகிறது. ஒரு தூளியில் இரண்டு குழந்தைகள் வீணாகின்றன!

ஆனாலும் பால்வாடியை விட்டுவிடாதீர்கள். மாதந்தோறும் எடை போடச் சொல்லுங்கள். புஜத்தைச் சுற்றி அளக்கும் நாடா அங்கே உண்டு. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை உள்ள பிள்ளைக்கு அளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அது கடுமையான மெலிவு. அன்றே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

வருகிற ஞாயிறு சங்கத் தோழர்கள் லயன் லயனாக, தெருத் தெருவாக வருவார்கள். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பெயர், வயது, தாய் வேலைக்குப் போகும் நேரம், வரும் நேரம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். மில் நிர்வாகத்திடம் ஒரு பட்டியல், கலெக்டரிடம் ஒரு பட்டியல். கொண்டுபோகும்போது குழந்தைகளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டே வாருங்கள்.