முதலிற் பிரதி; பின்னரே பழுது பார்த்தல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



மடிக்கணினியின் வன்தட்டுப் பழுதுறும்போது செய்யத்தக்கது யாது, தகாதது யாது என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். இஃது இளைஞர்க்குரிய விஷயம் எனப் பெரியோர் சிலர் எண்ணக்கூடும். அவ்வாறன்று. இடப்பெயர்வுகளில் இழந்தவை போக எஞ்சிய குடும்பப் படங்கள், காணி உறுதிகளின் பிரதிகள், மறைந்தவர்களின் குரற்பதிவுகள் யாவும் இன்று பல வீடுகளில் ஒரே மடிக்கணினிக்குள் அடங்கியிருக்கின்றன. கணினியைப் பணங்கொடுத்து மீண்டும் வாங்கலாம். அப்பாச்சியின் குரலை எந்தக் கடையில் வாங்குவது?

வன்தட்டின் இயல்பை முதலில் அறிவோம். 1956-ம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுச் சாதனத்தில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுக்கள் இருந்தன. அது கொண்டதோ ஏறக்குறைய 50 இலட்சம் எழுத்துக்களே. இன்று உள்ளங்கையில் அடங்கும் இரண்டரை அங்குல வன்தட்டு அதனிலும் இலட்சம் மடங்குக்கு மேற் கொள்கின்றது. அதனுள்ளே தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழல, வாசிக்கும் முனை அதனைத் தொடாமல், தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கிலுங் குறைந்த இடைவெளியில் மிதக்கின்றது. கணினி கீழே விழுந்தால் முனை தட்டைச் சுரண்டும். சுரண்டிய துகள் மேலுஞ் சுரண்டும். ஆகவே நோயுற்ற வன்தட்டை இயக்கும் ஒவ்வொரு நிமிடமும் அதன் எஞ்சிய ஆயுளைச் செலவிடுகின்றோம் என்பதை மறத்தலாகாது.

நோயின் குறிகள் யாவை? கோப்புத் திறக்கத் தாமதித்தல், பிரதி செய்யும்போது கணினி உறைந்து நிற்றல், 'டிக் டிக்' என்னும் ஓசை, 'ஸ்மார்ட்' என்னும் தற்பரிசோதனையில் வாசிக்க இயலாப் பகுதிகள் தோன்றுதல் என்பன. ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட வன்தட்டுக்களை ஆராய்ந்து கூகிள் நிறுவனத்தார் 2007-ல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். பரிசோதனையில் முதற் பிழை கண்ட தட்டு அடுத்த 60 நாட்களுள் செயலிழக்கும் வாய்ப்பு, பிழையற்றதைவிட 39 மடங்கு என்றது அவ்வறிக்கை. ஆயினும் செயலிழந்த தட்டுக்களிற் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான நான்கு குறிகளில் ஒன்றையேனும் காட்டவில்லை. குறி தோன்றினால் நாட்கடத்தலாகாது. தோன்றவில்லையென்று வாளாவிருத்தலும் ஆகாது.

நிற்க. குறி கண்டவுடன் பலர் செய்வது பழுது பார்த்தலே. செக்டிஸ்க் போன்ற கருவியை ஏவுகின்றனர்; விண்டோசை மீண்டும் நிறுவுகின்றனர். இவை தட்டு முழுவதையும் உழைக்கவைத்து, உள்ளவற்றின் மேலேயே எழுதியும் விடுகின்றன. நோயாளியை ஓடவிட்டு நாடி பிடிப்பது போன்றது இது.

சென்ற ஆண்டில் அன்பரொருவரின் மடிக்கணினிக்கு இந்நிலை நேர்ந்தது. அவருடைய காலஞ்சென்ற தந்தையார் கோயிலிற் செய்த கந்தபுராணப் படிப்பின் ஒலிப்பதிவுகள் அதில் இருந்தன, வேறு பிரதியில்லை. பழுது பார்ப்பவரொருவர் விண்டோசை மீண்டும் நிறுவினாற் போதும் என்றாராம். அன்பர் உடன்படாது எம்மிடங் கொணர்ந்தார். இரண்டு இரவும் ஒரு பகலும் பிரதி நடந்தது. பெரும்பாலான பதிவுகள் மீண்டன. இரண்டு மட்டும் இடையிடையே ஊமையாயின. சில நாட்களில் அத்தட்டு அடியோடு நின்றுவிட்டது.

செய்யத்தக்க முறை இதுவே. தட்டு இன்னும் வாசிக்கக்கூடியதாயின், அருமையான கோப்புக்களை முதலில் வேறொரு தட்டுக்கு மாற்றுக. வாசிப்பிற் பிழை தோன்றினால் உடனே நிறுத்தி, யூ.எஸ்.பி.யிலிருந்து லினக்ஸை இயக்கி, டிடிரெஸ்கியூ என்னும் இலவச மென்பொருளால் தட்டு முழுவதையும் பிரதி செய்க. அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்டவற்றுக்குப் பின்னர் திரும்பி வரும். விட்ட இடத்தைக் குறித்துவைக்கவுஞ் செய்யும். பிரதி ஏற்கும் தட்டு சம அளவினதோ பெரியதோ ஆதல் வேண்டும். எது மூலம், எது பிரதி என்பதை இருமுறை பார்த்தே ஏவுக. மாறினால் மூலமே அழியும். பழுது பார்த்தலையெல்லாம் பிரதியின்மேற் செய்க.

ஓசை கேட்டாலோ, கணினி தட்டை அறியாதொழிந்தாலோ மின்னை நிறுத்திவிடுக. அது தூசற்ற அறையுடைய நிபுணரின் வேலை, செலவும் அதிகம். வீட்டில் திறப்பதும், குளிர்ப்பெட்டியில் வைப்பதும் கேட்டையே விளைக்கும். சுழலும் பாகமற்ற எஸ்.எஸ்.டி. வகையோ ஓசையின்றியே திடீரென நின்றுவிடலாம்.

ஆதலால் வருமுன் காப்பதே அறிவு. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீற்றர் குறோக் பரப்பிய விதி எளியது: மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில். அவ்வப்போது பிரதியைத் திறந்து பார்த்தலும் வேண்டும்.

இவ்விதி நமக்குப் புதிதன்று. ஏடு செல்லரிக்குமுன் புதிய ஏட்டிற் படியெடுத்தே நம் முன்னோர் நூல்களைக் காத்தனர். ஓரிடத்தில் மட்டும் இருப்பது என்னவாகும் என்பதை 1981-ல் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகம் நமக்குக் காட்டியிருக்கின்றது.

வாலிப அன்பர்களே, இவ்வாரத்தில் உங்கள் வீட்டுக் கணினிக்கும், அயலிலுள்ள முதியவர் ஒருவரின் கணினிக்கும் பிரதி எடுத்து வையுங்கள். பெரியோர்களே, பிள்ளைகளைத் தயங்காது கேளுங்கள்.