அடைப்பான் நஞ்சும் வாளாவிருக்கும் மரபணுவும்



ஜலகண்டாபுரத்துப் பக்கம் ஆடு வளர்ப்போருக்கு 'அடைப்பான்' என்ற சொல்லை விளக்க வேண்டுவதில்லை. மாலையில் நன்றாக மேய்ந்து திரும்பிய ஆடு விடிவதற்குள் இறந்து கிடக்கும். மூக்கிலும் வாயிலும் உறையாத கருங்குருதி கசியும். என் சிறுவயதில், அவ்வாறு இறந்த ஆடொன்றைத் தோலுரிக்க முனைந்தவரை என் பாட்டனார் தடுத்துவிட்டார். காரணம் கேட்டேன். "தொட்டால் கொப்புளம் வரும், உயிரும் போகும்" என்றார். அதற்குமேல் அவர் அறியார்.

இந்நோய்க்குக் காரணம் கோலுருவக் கிருமி ஒன்று என்பதை 1876-இல் ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக் நிறுவினார். ஆனால், அக்கிருமி எவ்வாறு கொல்கிறது? 1954-இல் இங்கிலாந்தில் ஹாரி ஸ்மித் முதலியோர், நோயுற்ற விலங்கின் குருதியிலிருந்து கிருமிகளை நீக்கிய பின்னரும் அதில் நஞ்சு எஞ்சியிருக்கக் கண்டனர். அந்நஞ்சு மூன்று புரதங்களின் கூட்டு. ஒன்று உயிரணுவில் வாயில் திறக்கிறது. மற்ற இரண்டும் அவ்வழியே உள்ளே நுழைகின்றன.

நம் உடலில் கிருமிகளை விழுங்கும் காவலணுக்கள் உண்டு. கிருமி தட்டுப்பட்டதும் அணுவின் மேற்பரப்பிலிருந்து உட்கருவுக்குச் செய்தி போகவேண்டும். முன்னாளில் அஞ்சலோட்டக்காரர் பையைக் கைமாற்றி ஓடியதுபோல, ஒரு புரதம் அடுத்த புரதத்தை எழுப்ப, அது மற்றொன்றை எழுப்பும். செய்தி சேர்ந்தபின்னரே, துணைக்குப் பிற அணுக்களை அழைக்கும் புரதங்களுக்கான மரபணுக்கள் இயங்கும். மரபணு ஓர் ஏடு. ஆணை வந்தாலன்றி அதனை எவரும் பிரித்துப் படிப்பதில்லை.

நஞ்சு அந்த ஏட்டைத் தீண்டுவதே இல்லை! உள்ளே புகுந்த புரதங்களுள் ஒன்று, ஆணை கொண்டு ஓடும் புரதத்தின் நுனியை அறுத்துவிடுகிறது. 1998-இல்தான் இது தெரியவந்தது. ஓட்டக்காரன் வழியிலேயே வீழ்கிறான். ஏடு பழுதின்றி இருந்தும் மூடியே கிடக்கிறது. மற்றொரு புரதமோ அணுவினுள் 'சைக்ளிக் ஏஎம்பி' என்னும் பொருளை அளவின்றிப் பெருக்குகிறது. அதனால் சில மரபணுக்கள் வேண்டாத வேளையில் விழிக்கின்றன. வேண்டிய சில அடங்குகின்றன. நோயில் காணும் வீக்கமும் இதன் விளைவே. காவலணுவைக் கொல்லுமுன் ஊமையாக்குவது, என் எண்ணத்தில், கொலையினும் கொடிது.

வாயில் திறக்கும் புரதத்தை உடல் முன்னரே அறிந்திருந்தால் இச்சூது பலிக்காது. தடுப்பூசி செய்வது அதுவே. நம் மாநிலத்து இராணிப்பேட்டையில் 1932-இல் தோன்றிய கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் ஆடுமாடுகளுக்கு இவ்வூசி மருந்தைத் தயாரித்து வருகிறது.

இறந்த விலங்கை அறுத்தால், காற்றுப்பட்ட கிருமி வித்தாக மாறி மண்ணில் பல்லாண்டு உறங்கும். பாட்டனார் அந்த ஆட்டை அறுக்கவிடாமல் ஆழக் குழிதோண்டிப் புதைப்பித்து, மேலே முள் வெட்டிப் போட்டார். அவர் இருந்தவரை அவ்விடத்தில் எங்கள் வீட்டு ஆடுகள் மேய்ந்ததில்லை.