ஊரப்பாக்கத்தில் ஏறிய ஜீனோ

ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் சென்னை பீச் போகும் வண்டிக்குக் காத்திருந்தபோது பக்கத்திலிருந்த தம்பி கேட்டார்: "அறிவியல் கதை படிச்சதே இல்ல சார், எதுல ஆரம்பிக்கலாம்?"

யோசிக்கவே வேண்டாம். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. எழுதியவர் பெங்களூரில் பொறியாளராக இருந்தவர்; மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கெடுத்தவர். அதனால் அவர் கதையில் இயந்திரம் வெறும் அலங்காரமாக நிற்காது.

கதை நடப்பது பிள்ளை பெறக்கூட அரசு அனுமதி வேண்டிய நாட்டில். காணாமல்போன கணவனைத் தேடுகிறாள் நிலா. துணைக்கு ஜீனோ, ஓர் இயந்திர நாய்க்குட்டி. அது புத்தகம் படிக்கும், கேள்வி கேட்கும், மெல்ல மெல்லத் தானே முடிவெடுக்கும். போனோடு பேசிப் பழகிய இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஜீனோ சட்டென்று ஒட்டிக்கொள்ளும்.

பிடித்துப்போனால் அடுத்தது 'மீண்டும் ஜீனோ'. மேலைநாட்டு அறிவியல் கதை முன்னோடிகளான வெல்ஸும் வெர்னும் அப்புறம். தாம்பரம் வருவதற்குள் முதல் அத்தியாயத்தை முடித்துவிடலாம், தம்பி!