சுமை தோள் மாறும் இடம்

நேரம் குறைவு, பொருளுக்கு வந்துவிடலாம்.

தண்டனையை முழுதாகக் கழித்தவரை நீதிமன்ற ஆணையால் வெளியிலும் கண்காணிக்கலாமா? முன்வரிசையில் இருக்கும் சிலருக்கும் இவ்வுரையாளருக்கும் இதில் பழைய வழக்கு உண்டு. 'மீண்டும் அடைப்பதுதான் கொடுமை, கண்காணிப்பு சலுகை' என்பது அவர்கள் கட்சி. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலச் சட்டத்தின் 22ஆம் பிரிவைப் படித்தவர் அப்படிச் சொல்லமாட்டார்.

ஆபத்தான கைதிகள் (பாலியல் குற்றவாளிகள்) சட்டம் அங்கு 2003-இல் வந்தது. தண்டனையின் கடைசி ஆறு மாதத்தில் அட்டர்னி ஜெனரல் மனுப் போடலாம். கைதியை இரண்டு மனநல மருத்துவர்கள் ஆராய்வார்கள். பிறகு தொடர்காவல் அல்லது கண்காணிப்பு ஆணை. இதன்கீழ் அடைக்கப்பட்ட ஃபார்டன் என்பவரின் வழக்கில் 2004-இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் (நம்மூர்ப் பொருளில் அல்ல, அங்கே அதற்கு மேல் ஒன்றில்லை) சட்டம் செல்லும் என்றது. ஏழு நீதிபதிகளில் மைக்கேல் கிர்பி மட்டும் மறுத்தார். தண்டனை முடிந்தும் அவரை அடைத்து வைத்தது தன்னிச்சையான காவல் என்று 2010-இல் ஐ.நா. மனித உரிமைக் குழு கண்டது. நண்பர்களின் கட்டுரைகள் இந்தக் காவலோடு முடிந்துவிடுகின்றன.

கதை அதற்குப் பிறகுதான் சூடு பிடிக்கிறது. முதல் விசாரணையில், 13ஆம் பிரிவின்படி, ஆபத்தை மெய்ப்பிக்கும் சுமை அரசுடையது. வலுவான சான்று வேண்டும். ஆணை பெற்று வெளியே வந்தவர் வீடோ வேலையோ மாறுவதற்கு இரண்டு வேலைநாள் முன்பே சொல்ல வேண்டும். அனுமதியின்றி மாநில எல்லை தாண்டக் கூடாது. மதுத் தடையும் இருக்கலாம். பலர் குடியேறுவது பிரிஸ்பேன் அருகே வாகோலில், சிறையை ஒட்டிய வீடுகளில். மதுத் தடை உள்ளவர் ஒரு பியர் குடித்தார் என வைத்துக்கொள்வோம். யாருக்கும் தீங்கில்லை. ஆனால் மீறல் உறுதியானால், 22ஆம் பிரிவின்படி, நீதிமன்றம் அவரை அடைக்கவே வேண்டும், சமூகத்துக்குப் போதிய பாதுகாப்பு இருக்கும் என்று அவரே மெய்ப்பித்தால் ஒழிய. அரசின் தோளில் இருந்த சுமை சத்தமில்லாமல் அவர் தோளுக்கு வந்துவிட்டது! போதாததற்கு, மீறல் தனிக் குற்றமும்கூட.

'நீதிபதிகள் பலரைத் திரும்ப விட்டிருக்கிறார்களே' என்பார் ஒரு நண்பர். உண்மை. ஆனால் அந்தத் தீர்ப்பு வரும்வரை மீறியதாகச் சொல்லப்படுபவர் உள்ளேதான். விதிவிலக்கான சூழ்நிலை இருப்பதாகக் காட்டினால் மட்டுமே வெளியே. அந்தச் சுமையும் அவருடையதே.

பிற நாடுகளுக்கு விரிவாகப் போக நேரமில்லை. நியூசிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் இத்தகைய கண்காணிப்பைத் தண்டனை என்றே ஒப்புக்கொண்டது. கனடாவில் நீண்டகாலக் கண்காணிப்பு பத்தாண்டு வரை போகும்; 2012-இல் இப்பீலி வழக்கில், நிபந்தனையை மீறிக் குடித்தவருக்கு விதித்த மூன்றாண்டுச் சிறையை உச்ச நீதிமன்றம் ஓராண்டாகக் குறைத்தது. ஜெர்மனியில் 1975 முதல் நடக்கும் கண்காணிப்பு முறையை யாராவது தனியே எடுக்கலாம்.

மாணவர்களுக்கு ஒன்றிரண்டு வேலை: சிறைக்குத் திரும்பியவர்களில் புதுக் குற்றம் செய்தவர் எத்தனை, நிபந்தனை மட்டும் மீறியவர் எத்தனை என்று பிரித்து எண்ணலாம். ஆபத்தை அளக்கும் வினாப்பட்டியல்கள் பழங்குடியினர்க்குப் பொருந்துமா என்பதும் இருக்கிறது. மருத்துவர் அறிக்கைகள் பற்றிய பகுதி அச்சுப் பிரதியில் சேரும்.