முதல் விருப்பம் எது?

உத்தியோக நிமித்தமாகத் தமிழகத்தை விட்டு வந்து நாக்பூரிலும் டில்லியிலும் சூரத்திலும் குடியமர்ந்த நம் குடும்பங்களில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை ஒன்று இருக்குமானால், ஜூன் மாதத்தில் வீட்டுப் பேச்சு முழுவதும் ஒன்றைப் பற்றியதாகவே இருக்கும்: எந்தப் பொறியியற் கல்லூரியை முதல் விருப்பமாகக் குறிப்பது? பாட்டி, "திருச்சி" என்பார். 1964-இல் பிராந்தியப் பொறியியற் கல்லூரியாகத் தொடங்கி, இன்று தேசியத் தொழில்நுட்பக் கழகமாக விளங்கும் அக்கல்லூரியின்மீது நாம் ஆசை வைப்பதில் குற்றமில்லை. ஆனால், "நாம் தமிழர்தாமே, தமிழ்நாட்டுப் பங்கில் இடம் கிடைக்காதா?" என்று உடன் எழும் நம்பிக்கைதான் நம்மை ஏமாற்றுகிறது.

கிடைக்காது. இத்தகைய கழகங்களில் பாதி இடங்கள் அந்தந்த மாநிலத்தாருக்கு உரியவை. மறுபாதி பிற மாநிலத்தாருக்கு. அந்த மாநிலத்தார் யார் என்பதைத் தாய்மொழியோ தந்தையின் சொந்த ஊரோ முடிவு செய்வதில்லை. பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் எந்த மாநிலத்தில் தேறியதோ, அதுவே அதன் மாநிலம். நாக்பூரில் அண்டை வீட்டார் நம்மை இன்றும் 'மதராஸி' என்று அழைக்கலாம். ஒதுக்கீடு செய்யும் கணிப்பொறிக்கு நம் பிள்ளை மராட்டியப் பிள்ளையே. திருச்சியில் அது அயலார். நாக்பூரில் உள்ள விசுவேசுவரய்யா கழகத்திலோ வீட்டுப் பிள்ளை. ஐ.ஐ.டி.க்களில் இந்தப் பாகுபாடு கிடையாது.

ஆகவே, உண்மையான முடிவு ஜூன் மாதத்தில் எடுக்கப்படுவதன்று. ஈராண்டுகளுக்கு முன்பே, பிள்ளையைப் பதினோராம் வகுப்பில் எங்கே சேர்த்தோமோ அன்றே அதிற் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. இதை அறிந்து, பிள்ளையைத் தஞ்சாவூரில் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவோரும் நம்மில் உண்டு. பதினைந்து வயதில் தாய் தந்தையரைப் பிரிந்து, பழகாத பள்ளியில் படித்துத்தான் அந்தப் பாதியை அடைய வேண்டுமா என்பதை நன்கு எண்ணிப் பார்க்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும் அது பொருந்துவதாக நமக்குத் தோன்றவில்லை.

இனி, பட்டியல் எழுதும் முறை. ஐ.ஐ.டி.க்களுக்கும் இக்கழகங்களுக்கும் 2015 முதல் ஒரே ஒதுக்கீடுதான். எட்டாத கல்லூரியை முதலில் எழுதினால், எட்டக்கூடியது கைநழுவிவிடும் என்று பலர் அஞ்சுகின்றனர். இந்த அச்சம் வீண். முதல் விருப்பம் கிட்டாவிட்டால் அடுத்தது பார்க்கப்படும். மேலே எழுதியதற்காகக் கீழே உள்ளது பறிபோவதில்லை. எனவே, விருப்பத்தின் உண்மையான வரிசையே நல்ல வரிசை. திருச்சியில் இயந்திரவியலா, நாக்பூரில் கணிப்பொறி இயலா என்ற வழக்கு எழுமாயின், நான்கு ஆண்டுகள் படிக்கப்போவது யாரோ அவரே எழுதட்டும்.

ஓர் இடம் கிடைத்த பின்னர்தான் எச்சரிக்கை மிகுதியாக வேண்டும். 'ப்ரீஸ்' என்றால் அதுவே போதும் என்பது பொருள். 'ஸ்லைடு' என்றால், அதே கல்லூரியில் மேலான பிரிவு வந்தால் சம்மதம். 'ப்ளோட்' என்றால், பட்டியலில் மேலே உள்ள எதுவாயினும் சம்மதம். அவ்வாறு மேலானது வந்தால், முன்பு பெற்ற இடம் தானே போய்விடும். மீண்டும் கேட்க இயலாது. விருப்பமில்லாத ஊரை ஒப்புக்குப் பட்டியலின் மேலே எழுதிவைத்தவர் வருந்த நேர்வது இங்கேதான்.

தமிழ்நாட்டுக்குத் திரும்ப வேறொரு வாயிலும் உண்டு. அம்மாநிலம் தானே நடத்தும் பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. கணிதத்துக்கு 100, பௌதிகத்துக்கும் இரசாயனத்துக்கும் ஐம்பது ஐம்பதாக, 200-க்குத் தரம் கணக்கிடுகின்றனர். வெளியே படித்த தமிழ்நாட்டுப் பிள்ளையும் விண்ணப்பிக்கலாம். ஆனால், 'நேட்டிவிட்டி சர்ட்டிபிகேட்' எனப்படும் பிறப்பிடச் சான்றிதழ் வேண்டும். சொந்த ஊர்த் தாசில்தாரிடமிருந்து அதைப் பெற, பழைய தஸ்தாவேஜுகளைத் தேடி எடுக்க வேண்டியிருக்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போதே மனுச் செய்துவிட்டால், மே மாத வெயிலில் ரயிலேறி ஓட வேண்டியதில்லை.