பாக்கு தட்டில் இருக்கட்டும், வாயில் வேண்டாம்



மலாய் மொழியில் 'பூலாவ்' என்றால் தீவு. 'பினாங்' என்றால் பாக்கு. ஆக, பினாங்கு என்பதே பாக்குத் தீவுதான். மாநிலக் கொடியின் நடுவிலும் கமுகு மரம்தான் நிற்கிறது. பெண் கேட்பதை மலாயில் 'மெமினாங்' என்பார்கள். அந்தச் சொல்லுக்குள்ளும் பாக்கு இருக்கிறது. ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் கல்யாணச் சாமான் வாங்குகிறவர்களின் பட்டியலிலும் வெற்றிலை பாக்கு தவறாது.

பாக்கு மங்கலப் பொருள் மட்டுமல்ல, மருந்தும்கூட. சாப்பாடு செரிக்கவும் வாய் நாற்றம் போகவும் தாம்பூலம் தரித்தார்கள். குடற்புழுவுக்குப் பாக்குத்தூள் கொடுத்தார்கள். இதில் உண்மை உண்டு. பாக்கிலுள்ள அரிக்கோலின் என்ற காரப்பொருள் நாடாப்புழுவைச் செயலிழக்கச் செய்யும். நாய்களுக்குப் புழு நீக்கக் கால்நடை மருத்துவர்கள் அதைப் பயன்படுத்திய காலமும் உண்டு. பாதுகாப்பான மருந்துகள் வந்தபின் அதைக் கைவிட்டார்கள்.

அதே அரிக்கோலின்தான் மெல்லுகிறவருக்கு உமிழ்நீரைப் பெருக்கி, ஒரு சுறுசுறுப்பையும் தருகிறது. அதனால் பழக்கம் விடாமல் பற்றிக்கொள்கிறது. நாளடைவில் அது கன்னத்தின் உட்சதையில் நார்த்திசுவை வளர்க்கிறது. பாக்கின் துவர்ப்புச் சத்து அந்த நாரை இறுக்குகிறது. முதலில் காரம் பட்டால் எரியும். பிறகு வாயை முழுதாகத் திறக்க முடியாது. இறுகிய சதை பழையபடி இளகுவது கடினம். புற்றுநோய் தோன்றவும் அதுவே களமாகிறது.

"புகையிலை சேர்ப்பதில்லையே, வெறும் பாக்குத்தானே!" என்று பலர் கேட்பார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1985-இல் புகையிலை சேர்ந்த தாம்பூலத்தைப் புற்றுநோய்க் காரணி என்றது. 2003-இல் கூடிய அதன் நிபுணர் குழு, புகையிலை இல்லாத தாம்பூலமும், தனிப் பாக்கும்கூட அப்படியே என்று முடிவு செய்தது. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடையேதான் அதிகம் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எனவே, பாட்டியிடமிருந்து வெற்றிலைப் பெட்டியைப் பிடுங்க வேண்டாம். பாக்கைக் குறைத்து நிறுத்தப் பக்குவமாகச் சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறக்கச் சிரமம் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் உடனே பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தொடக்கத்திலேயே கண்டால் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம்.

தாம்பூலத் தட்டின் மரியாதை அப்படியே இருக்கட்டும். பாக்கை மெல்லுவதை மட்டும் விட்டுவிடுவோம்.