'இடைக்காலம்' என்னும் அடைமொழி

புரட்சிக்குப் பின் அமையும் இடைக்கால அரசுகள் நிலைகொள்ள இயலாமற் போவதேன் என்னும் வினாவை இன்று எடுத்துக்கொள்கிறோம். 1917ஆம் ஆண்டின் ரஷ்யா ஒன்றே சான்றுக்குப் போதும். மொழியியல் பயின்ற நமக்கு அவ்வரசின் பெயரிலேயே அதன் நோய் தெரிகிறது. ரஷ்ய மொழியில் அது 'விரேமென்னொயே' அரசு. 'விரேமியா' என்பது காலம். தான் நிலையாதது என்று பிறந்தபோதே அறிவித்துக்கொண்ட அரசு அது.

மார்ச் திங்களில் பேரரசர் இரண்டாம் நிக்கோலஸ் முடிதுறந்தார். இளவரசர் லுவோவ் தலைமையில் அமைச்சரவை அமைந்தது. அதற்கு முன்னரே பெட்ரோகிராட் நகரில் தொழிலாளர், படைவீரர் மன்றமாகிய சோவியத் கூடிவிட்டது. அரசு அமைவதற்கு ஒருநாள் முன்னர் அது விடுத்த முதலாம் ஆணையை ஆசிரியர்கள் படித்துப் பார்த்தல் நன்று. டூமாவின் படைக்குழு இடும் கட்டளை சோவியத்தின் முடிவுக்கு முரண்படாவிடில் மட்டுமே படைவீரர் பணியவேண்டும் என்றது அது. அதே ஆணை, அதிகாரிகள் வீரரை 'நீ' என ஒருமையில் விளிப்பதைத் தடைசெய்தது. 'மேன்மை தங்கிய' என்பன போன்ற விளிகளையும் நீக்கியது. நீ, நீர், நீங்கள் என்னும் படிநிலையை நாள்தோறும் ஆளும் நமக்கு இதன் எடை எளிதில் விளங்கும். வீரனுக்கு மதிப்பை அளித்தது சோவியத். அவன் செவிசாய்த்ததும் அதற்கே. படையும் இருப்புப்பாதையும் அஞ்சலும் தந்தியும் சோவியத்தின் கையில் உள்ளன என்று போர் அமைச்சர் குச்கோவ் அம்மார்ச்சிலேயே படைத்தலைமைக்கு எழுதினார்.

நிலப் பங்கீட்டை அரசியல் நிர்ணய சபையே முடிவுசெய்யட்டும் என்று அமைச்சர்கள் ஒத்திவைத்தனர். தேர்ந்தெடுக்கப்படாதவர் அவ்வளவு பெரிய முடிவை எடுத்தல் முறையன்று என்பது அவர்தம் வாதம். அதில் நேர்மை உண்டு. ஆயினும், நிலத்தைப் பகிரத் தகுதியில்லாத அரசுக்குப் போரைத் தொடர மட்டும் தகுதி எங்கிருந்து வந்தது? உழவர்கள் காத்திராமல் பல இடங்களில் நிலத்தைத் தாமே கைக்கொண்டனர். கோடையில் தொடுத்த படையெடுப்பும் தோற்றது.

செப்டம்பருக்குக் குறித்த தேர்தல் நவம்பருக்குத் தள்ளிப்போயிற்று. இன்றைய நாட்காட்டிப்படி நவம்பர் 7ஆம் நாள் கெரென்ஸ்கியின் அரசு வீழ்ந்தது. வாக்குப்பதிவு அதன் பின்னரே தொடங்கிற்று. அச்சபை 1918 ஜனவரியில் ஒரே ஓர் அமர்வு கூடியது. மறுமுறை கூடப் போல்ஷெவிக்குகள் விடவில்லை.